டொப்! காதில் விழுந்த சொட்டு நிலா வரை போன கதை தெரியுமா?

ராத்திரி இரண்டரை மணி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஏரிக்கரை ஒன்று. வெளியே சடசடவென்று மழை. கேம்பர் வண்டிக்குள் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கிறேன். டொப்! இடது காதில் ஒரு சொட்டு. கனவாக்கும் என்று புரண்டு படுத்தால், டொப்! வலது காதில் இன்னொன்று.

"டேய் தம்பி, வண்டி ஒழுகுதுடா!"

"ஒழுகலண்ணே, ஏசித் தண்ணியா இருக்கும், தூங்குங்க" என்று தூக்கத்திலேயே பதில் வந்தது. அன்று ஏசியே போடவில்லை.

தம்பி என்றால் சித்தி மகன். ஆசை ஆசையாக செகண்ட் ஹேண்டில் ஒரு 26 அடி ட்ரெய்லர் வாங்கி வைத்திருக்கிறான். நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஏசி வண்டி. அமெரிக்காவில் அதுவே ஆர்.வி. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று தேடக் கிளம்பினேன். அது என்னை நிலாவுக்குப் போய்வந்தவர்கள் வரை, மலாயாவின் பால்மரக் காடுகள் வரை, சின்ன வயதில் மென்று துப்பிய பபுள்கம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது!

ஒரு சொட்டுதானே என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல்! ஒரு குடும்பமே குடித்துத் தீர்க்கிற தண்ணீர், தலையணைக்கு மேலிருந்து!

இன்னொரு கணக்கு. எட்டு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும் தெரியுமா? 500 லிட்டர்! மொட்டை மாடியில் நிற்கிறதே கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், அதில் ஒன்று நிறையும். அவ்வளவும் வழிந்து கீழே போக வேண்டும், ஒரு ஓட்டைக்குள்ளும் நுழையாமல். ஆனால் அந்தக் கூரையைப் பார்த்தால் ஓட்டைகளின் மாநாடு. காற்றுப்போக்கிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, கக்கூஸ் குழாய்க்கு ஒன்று, டிவி ஆன்டெனாவுக்கு ஒன்று. ஏணியைப் பிடித்து நிறுத்த நாலைந்து. அப்புறம் சுற்றிலும் ஓடும் அலுமினியப் பட்டையை இறுக்கிய திருகாணிகள், வரிசையாக, எறும்புச் சாரி மாதிரி. அமெரிக்க ஆர்.வி.களின் காற்றுப்போக்கி ஓட்டைக்குப் பெரும்பாலும் ஒரே அளவுதான், 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். எந்தக் கடையில் வாங்கினாலும் காற்றுப்போக்கி பெரும்பாலும் பொருந்திவிடும். ஓட்டைக்குக்கூட ஸ்டாண்டர்டு வைத்த ஊர்!

அட, வீட்டுக் கூரையிலும்தான் ஓட்டை இருக்கிறது, அது மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒழுகுவதில்லை? வீடு ஓடாது, இது ஓடும். குண்டும் குழியுமான ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலும் அந்த வண்டிக்கு ஒரு குட்டி நிலநடுக்கம். குலுக்கல் கூடப் பரவாயில்லை. சும்மா நிற்கும்போதே அந்த வண்டி நீண்டு சுருங்கிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அலுமினியம் சூட்டில் நன்றாக நீளும். கூரை ஓரமாக ஓடும் எட்டு மீட்டர் பட்டையைப் பனிக்காலத்து விடியற்காலையிலும் கோடைகால மத்தியானத்திலும் அளந்து பாருங்கள். 40 டிகிரி வித்தியாசத்துக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும்! அதற்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் அதே சூட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட அசையாது. மேலே இருப்பவன் ஓடப் பார்க்கிறான், கீழே இருப்பவன் அசைய மாட்டேன் என்கிறான், நடுவில் திருகாணி மாட்டிக்கொண்டு முழிக்கிறது. இந்தச் சண்டைக்கு நடுவில் எம்-சீல் மாதிரி இறுகிக் கல்லாகிற எதைப் பூசினாலும் ஒரே வருடத்தில் விரிசல்தான்.

இறுகவே இறுகாத ஒரு பூச்சு வேண்டும். அதுதான் பியூட்டைல் டேப்!

பெயரில்தான் டேப். இன்சுலேஷன் டேப், செல்லோடேப் ஜாதி இல்லை இது. முக்கால் அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனம், ஒரு பக்கம் வழுவழு காகிதம், சுருளுக்குள் சுருட்டி வைத்த கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பிசின். தம்பி ஒரு சுருள் கொண்டுவந்து என் கையில் வைத்தான். ஒரு துண்டு கிள்ளி உருட்டினேன். விரலை விடமாட்டேன் என்றது. பலாப்பழம் அரிந்திருக்கிறீர்களா? அந்தப் பால் கையில் ஒட்டி, சோப்புக்கும் அசையாமல் அடம்பிடிக்குமே, அதேதான்! பழக்க தோஷத்தில் "கொஞ்சம் எண்ணெய் எடுத்துட்டு வா" என்றேன்.

"ஐயோ அண்ணே, எண்ணெய்க் கையோட வண்டியத் தொட்டுடாதீங்க. அந்த இடத்துல அப்புறம் டேப்பு ஒட்டாது!"

அடுத்து அவன் காட்டிய வித்தையை நீங்களும் செய்து பார்க்கலாம். இதே மாதிரி சாம்பல் நிறத்தில் 'புட்டி டேப்' என்று இன்னொன்று கடையில் தொங்கும், விலை மலிவு. இரண்டிலும் ஒரு துண்டு கிள்ளி இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். புட்டி பொசுக்கென்று அறுந்துவிடும். பியூட்டைல் பாகு பதம் மாதிரி கம்பி கம்பியாக நீளும்! புட்டியில் இருக்கும் எண்ணெய் வருடங்கள் போகப் போக வற்றி, கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துவிடும். பியூட்டைல் பல வருடம் கழித்துப் பிரித்தாலும் பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். தம்பி வண்டிக்கு இதற்கு முந்தைய முதலாளி எதை ஒட்டினார் என்பதைப் பிறகு சொல்கிறேன், அது தனி வயிற்றெரிச்சல்.

இந்தப் பிசின் எங்கே பிறக்கிறது தெரியுமா? பூமியிலேயே இதுவரை அளக்கப்பட்ட மிகக் குளிரான காற்று, அன்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி. பியூட்டைல் ரப்பர் அதைவிடக் குளிரான அண்டாவில் பிறக்கிறது. கிட்டத்தட்ட மைனஸ் 100 டிகிரி! பெட்ரோல் சுத்திகரிப்பில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவை அந்தக் குளிரில் திரவமாக்கி, துளி அலுமினியம் குளோரைடு சேர்த்தால், கண்ணிமைப்பதற்குள் மூலக்கூறுகள் கைகோத்து நீளச் சங்கிலியாகிவிடும். இதே வேலையைச் சாதாரணச் சூட்டில் செய்தால் சங்கிலி நீளாது. குட்டையாக முறிந்து வெறும் கொழகொழ எண்ணெயாக நின்றுவிடும். குளிர்தான் அதற்கு நீளம் கொடுக்கிறது.

1937-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்து ஆய்வாளர்கள் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ். அதற்கு முன்பே ஜெர்மானியர்கள் ஐசோபியூட்டிலீனை மட்டும் வைத்து இழுவையான ஒரு பிசின் செய்திருந்தார்கள். ஆனால் அதைக் கந்தகம் போட்டு வேகவைத்து உறுதியாக்க முடியவில்லை; கந்தகம் பிடித்துக்கொள்ள அதில் கொக்கியே இல்லை. இவர்கள் இருவரும் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் ஐசோப்ரீனைக் கலந்தார்கள். அது போதும், கொக்கி வந்துவிட்டது! சைக்கிள் ட்யூப் என்பது அந்த மாவை வேகவைத்து எடுத்த இட்லி. நம் டேப் பெரும்பாலும் வேகாத மாவு. மாவு ஒன்றுதான்!

சரி, தண்ணீரும் காற்றும் ஏன் இதற்குள் நுழைய முடியவில்லை? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவில் நின்றிருக்கிறீர்களா? கையைத் தூக்கினால் இறக்க இடமிருக்காது. இந்தச் சங்கிலியும் அப்படித்தான். கண்ணி விட்டுக் கண்ணி இரண்டிரண்டு மெத்தில் கூட்டங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெரிசலில் காற்று மூலக்கூறு முண்டியடித்து மறுபக்கம் போவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இயற்கை ரப்பர் வழியாகக் கசியும் காற்றில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இதன் வழியே கசிகிறது. ரேஸ் சைக்கிள்காரர்கள் சிலர் லேசாக இருக்கிறது என்று லேடெக்ஸ் ட்யூப் போடுவார்கள். தினமும் காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நம் சாதாரண சைக்கிளில் வாரக்கணக்கில் காற்று நிற்கிறது என்றால் அது பியூட்டைலின் புண்ணியம்.

இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்து நாலைந்து வருடத்தில் இந்த ரப்பருக்குத் திடீரென்று ஏன் மவுசு வந்தது? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்குள் மலாயாவும் போயிருந்தது. டச்சு இந்தியத் தீவுகள் அடுத்த மாதமே போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒரே வீச்சில் நின்றுபோனது. மலாயாவின் அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். ரப்பர் நின்றது அமெரிக்காவுக்கு டயர் பிரச்சினை. தோட்டத்தில் வேலை நின்ற நம் ஆட்களுக்கு அது வேறு கதை. ஆயிரக்கணக்கில் அவர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் அமெரிக்க அரசு செயற்கை ரப்பர் ஆலைகளை அவசர அவசரமாக எழுப்பியது. 1943-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பியூட்டைல் ஆலை ஓட ஆரம்பித்தது. ராணுவ லாரிகளின் ட்யூபுக்குள் போன அந்த ரப்பரின் அரசாங்கப் பெயர் ஜி.ஆர்.-ஐ. போர் முடிந்து மலாயா ரப்பர் திரும்பி வந்தது. ஆனாலும் ட்யூபை விட்டு பியூட்டைல் இறங்கவேயில்லை.

ட்யூபோடு நிற்கவில்லை அது. ஃபுட்பால் உள்ளே இருக்கும் பிளாடர்? பியூட்டைல்! ட்யூப்லெஸ் டயரின் உள்பக்கம் பூசியிருக்கும் காற்றுத்தடை? அதன் தம்பி ஹாலோபியூட்டைல்! தடுப்பூசிக் குப்பியின் ரப்பர் மூடி, நர்ஸ் ஊசியைச் செருகி மருந்தை உறிஞ்சுவாரே, அதுவும் பெரும்பாலும் அந்தத் தம்பிதான். 1960, 70-களில் அமெரிக்கக் கார்களின் முன் கண்ணாடியை இந்த டேப் வைத்தே பதித்தார்கள்; விபத்தில் கண்ணாடி கழன்று வராமல் இன்னும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று பிற்பாடு யூரித்தேனுக்கு மாறினார்கள். பபுள்கம், சூயிங்கம் இரண்டின் அடிப்பிசினிலும் உணவுத் தரத்தில் செய்த இதே குடும்பத்து ரப்பர்கள் சேர்கின்றன! அதை விழுங்கிவிட்டால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டி மிரட்டியது பொய்தான். ஆனால் ஆர்.வி. கூரை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தால் முக்கால் உண்மை.

நிலாவுக்கு வருவோம். 1969 ஜூலை 24. அப்போலோ 11-இல் நிலாவுக்குப் போய்வந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் பசிபிக் கடலில் இறங்கினார்கள். ஹார்னெட் கப்பலில் ஏற்றியதும் அவர்களை எதற்குள் அடைத்தார்கள் தெரியுமா? ஒரு கேம்பர் வண்டிக்குள்! அமெரிக்காவில் பேர் போன ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரை நாசா சக்கரத்தைக் கழற்றி, மாற்றிக் கட்டி வைத்திருந்தது. நிலாவிலிருந்து கிருமி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? அதற்குத்தான் 21 நாள் தனிமை. ஜனாதிபதி நிக்சனே வந்து கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். புகைப்படத்தில் மூன்று பேரும் ரயில் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல் சிரிப்பார்கள்.

அந்த வண்டியில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்திருந்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். உள்ளே காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே வைத்தார்கள். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், உள்காற்று வெளியே வராது. கசிவை அடைக்க முடியாவிட்டாலும் அது எந்தத் திசையில் கசிய வேண்டும் என்று கட்டளை போடலாம்! அப்படி நான்கு வண்டிகள் செய்தார்கள். அப்போலோ 12-க்குப் பயன்பட்ட வண்டி எங்கே கிடைத்தது தெரியுமா? பல வருடம் கழித்து, அலபாமாவில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில்!

இதே தந்திரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஆர்.வி. மெக்கானிக்கின் ஓட்டை கண்டுபிடிக்கும் வித்தை. ஜன்னல், கதவு எல்லாம் அடைத்துவிட்டு, கூரை ஓட்டையில் ஊதுகுழாய் விசிறியை வைத்து வண்டிக்குள் காற்றைத் திணிப்பார்கள். வெளியே சுற்றிச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கே நுரை கொப்புளிக்கிறதோ அங்கே ஓட்டை. இந்த வித்தையைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். தெருமுனை பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கிப் பார்ப்பாரே அண்ணாச்சி, அதே பரீட்சை! இங்கே வண்டியைத் தொட்டியில் முக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி தோட்டத்துச் சருகு ஊதும் கருவியை அட்டைப் பெட்டி வைத்து கூரை ஓட்டையில் ஒட்டினான். நான் ஷாம்பு தண்ணீர் பாட்டிலோடு ஏணியில். ஜன்னல்கள், ஒன்றுமில்லை. கூரைப் பட்டை, ஒன்றுமில்லை. வண்டியின் நெற்றிக்குப் போனேன். அங்கே ஆரஞ்சு நிறத்தில் குட்டி குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டாவது விளக்கின் மேல் விளிம்பில் கடுகளவு நுரை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவானது. சுண்டைக்காய் அளவாகி, பட்டென்று உடைந்து, மறுபடி கடுகு. "மாட்டுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் நாயோடு வந்து எட்டிப் பார்த்தார்.

இதில் வேடிக்கை, அந்த விளக்குகள் அலங்காரத்துக்கு இல்லை. 80 அங்குலம், அதற்கு மேல் அகலமான வண்டிக்கு அகலத்தைக் காட்டும் விளக்கு வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சட்டமே போட்ட ஓட்டை! இன்னொரு வேடிக்கை, சொட்டு விழுந்தது என் தலையணைக்கு மேலே. விளக்கு இருந்தது அங்கிருந்து நாலடி தள்ளி. தண்ணீர் உத்தரத்தோடு ஊர்ந்து வந்து, தாழ்வான இடம் பார்த்து இறங்கியிருக்கிறது. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

முந்தின நாள் முழுக்க மழையிலேயே நெடுஞ்சாலையில் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் நெற்றியில் மோதும் காற்றுக்கு எவ்வளவு வலு தெரியுமா? தண்ணீரை 4 சென்டிமீட்டருக்கு மேல் நிமிர்த்தித் தூக்கும் வலு! மேலிருந்து கீழே வழிய வேண்டிய மழை, விளக்கின் இடுக்கில் நுழைந்து மேலே ஏறி, ஓட்டைக்குள் இறங்கிவிடும். சில வண்டிகள் நிறுத்தி வைத்து ஹோஸ் பைப்பில் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் ஒழுகாது. மழையில் ஓடினால் மட்டும் ஒழுகும். பேய் வேலை இல்லை, காற்றின் வேலை.

விளக்கைக் கழற்றினோம். இரண்டு திருகாணி; ஒன்று துருவேறிப் பாதி கரைந்திருந்தது. உள்ளே கட்டையில் விரலை வைத்தேன். டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சை தலையெடுக்காது என்பார்கள். இங்கே அது பிள்ளை குட்டியோடு குடித்தனமே நடத்தியிருந்தது. மக்கியதைச் சுரண்டி எடுத்து, நாலு நாள் காயவிட்டு, புதுக் கட்டைத் துண்டு வைத்து அடைத்தான் தம்பி.

இப்போது அந்த வயிற்றெரிச்சல். முந்தைய முதலாளி எப்போதோ ஒழுகலைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, விளக்கைச் சுற்றி சிலிக்கோனைப் பிதுக்கி அப்பிவிட்டிருக்கிறார்! பாத்ரூமுக்கு அது நல்லது, யார் இல்லையென்றார்கள். ஆனால் குலுங்கும் வண்டியில் ஓரம் பெயர்ந்துகொள்ளும். அதைவிடக் கொடுமை, சிலிக்கோன் ஒருமுறை பட்ட இடம் தோசைத் தவாவின் நான்ஸ்டிக் மாதிரி. அதன்மேல் பெயின்ட் நிற்காது, பியூட்டைல் நிற்காது. பழைய சிலிக்கோன்மேல் புது சிலிக்கோனே சரியாக ஒட்டாது என்றால் பாருங்கள்! கட்டையைச் சரிபண்ண அரை மணி, அந்தச் சிலிக்கோனைச் சுரண்ட ஒன்றரை மணி. பிளாஸ்டிக் சுரண்டி, ஸ்பிரிட் துணி, மறுபடி சுரண்டி, மறுபடி துணி.

மற்றபடி வேலை சுளுவு. டேப்பைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தான் தம்பி. வெயில் நேரத்தில் அது இளகிக் காகிதத்தோடு வந்துவிடுமாம். சில்லென்று இருந்தால் காகிதம் சுத்தமாக உரியும். விளக்கின் அடிப்பக்கத்தில் மேல்விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் ஒட்டினான். இழுக்காமல், வைத்து வைத்து அமுக்கி. இழுத்து ஒட்டினால் அது மெலிந்துவிடும். கீழ்விளிம்பை மட்டும் வெறுமனே விட்டான். ஏன் தெரியுமா? எப்படியாவது உள்ளே தண்ணீர் போய்விட்டால் வெளியே வர ஒரு வாசல் வேண்டுமே! திருகாணி ஒவ்வொன்றின் கழுத்திலும் திரிபோல் உருட்டிய ஒரு இழை.

பிறகு முறுக்கல். இங்கேதான் அழகு. இந்த டேப் கெட்டியாக ஒட்டிப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பிடிப்பது திருகாணி, இதன் வேலை அடைப்பது மட்டும். ஸ்டெப்னி மாற்றும்போது நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குவோமே, அப்படி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். விளக்கின் ஓரத்தில் முறுக்குப் பிழிந்தாற்போல் கறுப்புப் புழு ஒன்று மெல்லத் தலை நீட்டியது. சுற்றிலும் ஒரே சீராக அது வெளியே வந்தால்தான் உள்ளே இடுக்கு இல்லை என்று அர்த்தம். வராத இடத்தில் ஓட்டை இருக்கிறது. "இன்னும் ஒரு முறுக்கு?" என்றேன். "போதும்ணே, நாளைக்கு" என்றான். ராத்திரி முழுக்க அது தானாக நகர்ந்து இண்டு இடுக்கெல்லாம் இறங்கும். மறுநாள் கால் சுற்று முறுக்கினால் இன்னும் கொஞ்சம் புழு. ஒரேயடியாக முறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்து, உள்ளே சவ்வு மாதிரிதான் மிச்சமிருக்கும்.

பிதுங்கியதை ஒரு பழைய ஹோட்டல் சாவி அட்டையால் வழித்தான். பிசுக்கு மிச்சத்தை எப்படி எடுத்தான் தெரியுமா? அதே டேப்பில் ஒரு உருண்டை உருட்டி, ஒற்றி ஒற்றி எடுத்தான்! முள்ளை முள்ளால்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரப் பிசினைக் கூரை முழுக்கவும் அப்பிவிட்டால் என்ன? கூடாது. இது இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒளிந்து வேலை செய்கிற ஆள். வெயிலில் நின்றால் தூசியை எல்லாம் இழுத்து அப்பிக்கொள்ளும், சூட்டில் வழியும். கூரைமேல் திருகாணித் தலைகளுக்கு வேறு பூச்சு. தோசை மாவு மாதிரி ஊற்றினால் தானாகப் பரவி மூடிக்கொள்ளும். அதைச் சுவரில் பூசினால் தரைக்கு வந்துவிடும் என்பதால் சுவருக்கு வழியாத ரகம் தனியே. கூரைத் துணி ஈ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் பெட்ரோல், டர்பன்டைன் வகைகளால் துடைக்கவே கூடாது, உப்பி எழுந்துகொள்ளும். பல ஆர்.வி. கையேடுகள் 90 நாளைக்கு ஒருதரம் ஏணி போட்டு ஏறி எல்லா விளிம்பையும் பாருங்கள் என்கின்றன. தம்பி வண்டியின் கையேடு அதுவரை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

விளக்கு வெற்றி தம்பியின் தலைக்கு ஏறிவிட்டது. சுருளில் மிச்சம் இருக்கிறதே! எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை என்று வண்டியைச் சுற்றி வந்தான். ஜன்னல் சட்டத்தின் அடியில், வெளிப்பக்கம், வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள் தெரிந்தன. "பாருங்கண்ணே, கம்பெனிக்காரன் அடைக்கவே மறந்துட்டான்!" என்று எல்லாவற்றிலும் பியூட்டைலைத் திணித்தான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அடுத்த மழை ஞாயிற்றுக்கிழமை காலையில். நெற்றி விளக்கு ஒரு சொட்டு விடவில்லை. ஆனால் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலின் நகரும் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஏறி, ததும்பி, விளிம்பு தாண்டி, மேடையில் தம்பி மனைவி மூடாமல் வைத்திருந்த தோசை மாவுக்குள் இறங்கியது! அந்தப் பிளவுகள் தண்ணீர் வெளியே போவதற்காக ஜன்னல் செய்தவர்கள் வைத்த வாய்க்கால்கள். ஜன்னல் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் மழை விழத்தான் செய்யும். அதனால்தான் அதற்குக் கீழே வழி.

"மாவு போச்சு. இனிமே ரெண்டு பேரும் அந்த டேப்பைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள் அவள்.

தம்பி மழையில் நனைந்துகொண்டே பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு பிளவாகத் தோண்டினான். கறுப்புப் பிசின் கம்பி கம்பியாக நீண்டு வந்தது. கடைசித் துண்டு வந்ததும் ஜன்னல் சளசளவென்று அவன் சட்டைமேலேயே தண்ணீரைக் கொட்டியது.